உப்புக்காற்றா, சூடா? எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கம் எந்த வீட்டில் டிவி போனாலும் வரும் முதல் வார்த்தை "உப்புக்காத்துல போச்சு". சர்வீஸ் மேஜையில் வந்து விழும் போர்டுகளைப் பார்த்தால் பாதிக்கு மேல் கதை வேறு. உப்பும் கெடுக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கெபாசிட்டரை, அதாவது போர்டில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் பாகத்தை, கொல்வது பெரும்பாலும் சூடுதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்திருக்கிறேன்.

எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் என்றால் எது? ஃபேன் கண்டன்சரும் அதுவும் ஒன்றா?

ஒன்று இல்லை. போர்டில் சின்ன டிரம் மாதிரி நிற்கும், கறுப்பு அல்லது நீல உறை போட்டிருக்கும், ஒரு பக்கம் நெடுக வெள்ளைக் கோடு ஓடும், அதுதான் எலக்ட்ரோலிடிக். உள்ளே இரண்டு அலுமினியத் தாள், நடுவில் ஒரு காகிதம், எல்லாவற்றையும் சேர்த்துப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி வைத்திருப்பார்கள். அந்தக் காகிதம் ஒரு திரவத்தில் ஊறியிருக்கும், பாடப்புத்தகத்தில் மின்பகுளி என்று படித்தோமே அது. ஒரு தாளின் மேல் கண்ணுக்குத் தெரியாத அலுமினிய ஆக்சைடு படலம் இருக்கிறது, மின்சாரத்தைத் தடுத்துச் சேமிக்கிற வேலையைச் செய்வது அந்தப் படலம்தான். அடியில் ஒரு ரப்பர் மூடி, அதன் வழியாக இரண்டு கால்கள். மொத்தமும் இவ்வளவே.

சீலிங் ஃபேனில் இருக்கும் 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் பிளாஸ்டிக் ஃபிலிம் வகை. அதில் திரவமும் இல்லை, பிளஸ் மைனஸும் இல்லை. உள்ளே எங்காவது ஓட்டை விழுந்தால் அந்த இடத்தை மட்டும் எரித்துத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொள்ளளவு, அதாவது மின்சாரத்தைச் சேமிக்கும் அளவு, குறையும், அதனால்தான் வருடம் போகப் போக ஃபேன் சோம்பேறியாகச் சுற்றுகிறது. அதற்குப் பதிலாக எலக்ட்ரோலிடிக் போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு தம்பி கேட்டான். ஏசி லைனில் அதைப் போட்டால் வெடிக்கும். வேண்டாம்.

ஒரு கெபாசிட்டர் எத்தனை வருடம் வரும்?

வருடத்தில் சொல்ல முடியாது, சூட்டில்தான் சொல்ல முடியும். உறையில் 85 அல்லது 105 டிகிரி என்று எழுதியிருக்கும். அந்தச் சூட்டில் முழு வோல்டேஜில் அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கம்பெனி தன் டேட்டா ஷீட்டில் போட்டிருக்கும், 1000, 2000, 5000, நல்லவற்றில் 10,000 வரை. அதிலிருந்து ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கணக்கு இவ்வளவு எளிது.

105 டிகிரி, 2000 மணி நேரம் என்று எழுதிய ஒன்று 65 டிகிரியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 டிகிரி குறைவு, அதாவது நான்கு முறை இரட்டிப்பு, 16 மடங்கு, 32,000 மணி நேரம். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினால் மூன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் மேல். அதே இடத்தில் 85 டிகிரி, 2000 மணி நேர ரகம் இருந்தால் வெறும் 8000 மணி நேரம், ஒரு வருடம்கூட இல்லை! கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், விலையிலும் சில ரூபாய்தான் வித்தியாசம், அந்தச் சில ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பாதி சாமான்கள் குப்பைக்குப் போகின்றன.

இன்னொன்று, இந்தக் கணக்கில் 65 டிகிரி என்பது கெபாசிட்டரின் சூடு, அறையின் சூடு இல்லை. கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அறையே 40 டிகிரி இருக்கும்போது, மூடிய பெட்டிக்குள், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க்குக்கு ஒட்டி நிற்கும் கெபாசிட்டர் 65, 70 தொடுவது சர்வ சாதாரணம். அதன் வழியாக ஏறி இறங்கி ஓடும் கரண்ட், ரிப்பிள் கரண்ட் என்பார்கள், அது வேறு உள்ளிருந்தே சூடேற்றும். அதே சமயம், குளிர்ச்சியாக வைத்தால் 50 வருடம் வரும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள், 15 வருடத்துக்கு மேல் அந்த ரப்பர் மூடியே இறுகிப்போகும்.

அப்படியானால் உப்புக்காற்று கெபாசிட்டரை ஒன்றும் செய்யாதா?

செய்யும், வேறு வழியில். நல்ல நிலையில் இருக்கும் ரப்பர் மூடியைத் தாண்டி உப்பு சுலபமாக உள்ளே போகாது. அது பிடிப்பது வெளியே, காலில், ஈயத்தில், போர்டின் செப்புக் கோட்டில். கடலோரத்து உப்புக்கு ஒரு குணம் உண்டு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். நம் பக்கம் ராத்திரி அந்த அளவு ஈரம் இருப்பது ஒன்றும் புதிதில்லை. போர்டின் மேல் பகலில் வெள்ளைப் பொடியாகக் கிடப்பது ராத்திரியில் மெல்லிய உப்புத்தண்ணீர் படலம் ஆகிவிடும், அதன் வழியாகக் கரண்ட் கசியும், காலுக்கடியில் பச்சை பூக்கும். கடைசியில் கால் அரித்து விழும், கெபாசிட்டர் மட்டும் உள்ளே நன்றாக இருக்கும். அதைக் கழற்றி அளந்தால் புதிது மாதிரி காட்டும்.

ரப்பர் வெடித்து உள்ளே குளோரைடு போய்விட்டால் மட்டும் பிழைக்காது, அது ஆக்சைடு படலத்தையே அரித்துவிடும். இதே காரணத்தால்தான் குளோரின் கலந்த கிளீனிங் திரவங்களைக் கெபாசிட்டர் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள், அவை ரப்பர் வழியாக ஊறி உள்ளே போகும். கண்ட தின்னரை ஊற்றிக் கழுவாதீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும்.

காலையில் டிவி ஆன் ஆவதில்லை, பத்து மணிக்கு மேல் தானாக வேலை செய்கிறது. உப்பா, கெபாசிட்டரா?

இந்த ஒரு கேள்விக்குத்தான் நானே பல தடவை ஏமாந்திருக்கிறேன். இரண்டுமே இப்படித்தான் நடிக்கும். ராத்திரி ஈரத்தில் உப்பு கரைந்து கசிந்தாலும் காலையில் ஆன் ஆகாது, வெயில் ஏறிக் காய்ந்ததும் சரியாகிவிடும். திரவம் வற்றிப்போன கெபாசிட்டருக்கோ உள்தடை ஏறியிருக்கும், இ.எஸ்.ஆர் என்று சொல்வது அதைத்தான், குளிரில் அது இன்னும் அதிகம், கொஞ்சம் சூடானால் இறங்கும், அப்போது ஸ்டார்ட் ஆகும்.

பிரிக்கிற வழி இதுதான்: முதலில் போர்டை ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் கொண்டு சுத்தமாகத் தேய்த்து நன்றாகக் காயவிடுங்கள். மறுநாள் காலையும் அதே தகராறு என்றால் கெபாசிட்டர் மேல் சந்தேகம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தலைமுடி காய வைக்கும் டிரையரை ஒவ்வொன்றாக அதன் மேல் காட்டி, பிறகு ஆன் செய்து பாருங்கள். எதைச் சூடாக்கியதும் உயிர் வருகிறதோ அதுதான் ஆள்.

தலை வீங்கினால்தான் கெட்டதா?

வீங்கினால் கண்டிப்பாகக் கெட்டது. வீங்கவில்லை என்றால் நல்லது என்று அர்த்தம் இல்லை. தலையில் கூட்டல் குறி மாதிரியோ வேறு வடிவத்திலோ கீறல் போட்டிருப்பார்கள், உள்ளே வாயு சேர்ந்தால் அந்தக் கீறல் வழியாக மெதுவாகத் திறக்கட்டும், குண்டு மாதிரி வெடிக்க வேண்டாம் என்பதற்காக. ரொம்பச் சின்ன சைஸில் கீறலே இருக்காது, அதில் அடி ரப்பர்தான் பிதுங்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. சத்தமில்லாமல் வற்றிப்போகிறவைதான் அதிகம்.

மணமும் ஒரு அடையாளம். ஒழுகிய சில ரகங்களைச் சால்டரிங் அயர்ன் வைத்துக் கழற்றும்போது அப்படியே அழுகிய மீன் வாடை அடிக்கும், அந்தத் திரவத்தில் உள்ள அமைன் வகைப் பொருள்களால் வருவது. பாம்பன் பக்கம் கடை வைத்திருப்பவருக்கு இது எவ்வளவு பிரயோஜனம் என்று கேட்காதீர்கள், கருவாடு காயும் நாளில் மூக்கை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

அடியில் பழுப்பாக இருந்தால் உடனே ஒழுகல் என்று நினைக்கவும் வேண்டாம். ஆடாமல் இருக்க ஃபேக்டரியில் வைத்த பசையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பசையும் பழசாகிக் கறுத்தால் கரண்ட் கடத்த ஆரம்பிக்கும், காலையும் அரிக்கும். சுரண்டி எடுத்துவிடுவது நல்லது.

மல்டிமீட்டரில் பார்த்தால் போதாதா?

கொள்ளளவு மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். 1000 மைக்ரோஃபாரட் என்று எழுதியது 950 காட்டும், ஆனால் உள்தடை பத்து மடங்கு ஏறியிருக்கும், எஸ்.எம்.பி.எஸ், அதாவது டிவி மாதிரிப் பெட்டிகளுக்குள் இருக்கும் பவர் சப்ளை, ஓடாது. கசிவு உள்ள பழைய கெபாசிட்டர் எழுதியதைவிட அதிகமாகக்கூடக் காட்டும், அதைப் பார்த்து "சூப்பரா இருக்கு" என்று திருப்பிப் போட்டவர்கள் உண்டு. இ.எஸ்.ஆர் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போர்டிலிருந்து கழற்றாமலே பார்க்கலாம். முள் மீட்டரில் முள் துள்ளி இறங்குகிறதா என்று பார்க்கிற பழைய வித்தை, முழுசாகச் செத்ததைக் காட்டிக் கொடுக்கும், பாதி செத்ததைக் காட்டாது.

எப்படி அளந்தாலும் முதலில் டிஸ்சார்ஜ். நம் 230 வோல்ட் லைனைப் பிரிட்ஜ் என்ற டயோடு அமைப்பு வழியாக நேர் மின்னோட்டம் ஆக்கினால் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து டப் என்று ஷார்ட் செய்யும் வீரத்தை விடுங்கள், கெபாசிட்டருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பு உறை போட்ட ஒயரோடு இணைத்து வைத்துக்கொண்டு ஐந்து பத்து விநாடி பிடித்தால் போதும். கொஞ்ச நேரம் கழித்து சில வோல்ட் தானாகத் திரும்பி ஏறும், அதனால் தொடுவதற்கு முன் மீட்டர் வைத்து இன்னொரு முறை பாருங்கள்.

மாற்றும்போது என்ன மதிப்பில் வாங்குவது?

வோல்டேஜ் அதே அல்லது அதற்கு மேல். கொள்ளளவு அதே, கிடைக்கவில்லை என்றால் கொஞ்சம் கூட இருக்கலாம். ஆனால் லைன் பக்கப் பெரிய கெபாசிட்டரை "இருக்கட்டுமே" என்று இரண்டு மடங்கு போட்டால் ஆன் செய்த கணத்தில் இழுக்கும் கரண்டில் பிரிட்ஜோ ஃபியூஸோ போகும். சூடு 105 டிகிரி, வேறு பேச்சே வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ் அவுட்புட்டில் லோ இ.எஸ்.ஆர் என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளைக் கோடு மைனஸ், மாற்றிப் போட்டால் வெள்ளைப் புகையோடு வெடிக்கும். டான்டலம் என்ற வேறு வகைக் கெபாசிட்டரில் இது தலைகீழ், அங்கே கோடு போட்ட பக்கம் பிளஸ், இதில் நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நிச்சிகான், ரூபிகான், நிப்பான் கெமிகான், பானசோனிக் போன்ற ஜப்பான் பெயர்களும், நம் பக்கத்து மாநிலத்துக் கெல்ட்ரானும் நல்ல பெயர் எடுத்தவை. ஆனால் பெயரை மட்டும் ஒட்டிய போலி உண்டு. பெரிய டப்பாவுக்குள் சின்னக் கெபாசிட்டரை வைத்து உறை மாட்டியதை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். வாங்கியதும் அளந்து பாருங்கள், கையில் எடை பாருங்கள்.

படகு ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் அடிக்கடி போகிறது அண்ணே, நல்ல கெபாசிட்டர்தானே போட்டோம்?

வோல்டேஜைப் பாருங்கள் தம்பி. 24 வோல்ட் பேட்டரி என்று பெயர், இன்ஜின் ஓடி சார்ஜ் ஏறும்போது 28 வோல்ட்டுக்கு மேல் போகும். அங்கே 25 வோல்ட் கெபாசிட்டர் போட்டால் எத்தனை நாள் நிற்கும்? 35 கூட இழுபறிதான், 50 போடுங்கள். 12 வோல்ட் லைனில் 14.4 வரை வரும், 16 வோல்ட் கெபாசிட்டர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும், 25 நிம்மதி. அப்புறம் அதிர்வு. இன்ஜின் அதிரும் இடத்தில் உயரமான கெபாசிட்டர் காலிலேயே ஆடி ஆடி ஈயத்தை விடும். பக்கவாட்டில் கொஞ்சம் சிலிகான் வைத்து நிறுத்துங்கள், வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம், அது செப்பை அரிக்கும். போர்டுக்கு வார்னிஷ் மாதிரி பூச்சு அடித்தால் உப்புக்கு நல்லது, ஆனால் கெபாசிட்டர் தலைக் கீறலை மூடி அடைக்காதீர்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாள் ஆன் செய்யாமலே கிடக்கிறது. அதனால் கெபாசிட்டர் கெடுமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, இரண்டு மாதம். அதற்கெல்லாம் கெபாசிட்டர் கெடாது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் ஆக்சைடு படலம் மெல்ல மெல்லப் பலவீனமாகும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு வருடக்கணக்கு வேண்டும். தடைக்காலத்தில் கெடுவது வேறு விதம்: உச்சி வெயிலில் படகு வீல் ஹவுஸ், அதாவது படகு ஓட்டும் அறை, அடுப்பாகிறது, ராத்திரி உப்பு ஈரம் இறங்குகிறது, ஓடாத பெட்டிக்கு உள்சூடு இல்லாததால் அந்த ஈரம் காய வழியில்லை. முடிந்தால் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போங்கள். முடியாதென்றால் வாரத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் ஆன் செய்து வையுங்கள்.

கடல் தண்ணீர் அடித்துவிட்டது, என்ன செய்வது?

ஆன் செய்து பார்க்காதீர்கள்! முதல் தப்பே அதுதான். உப்புத்தண்ணீர் இருக்கும்போது கரண்ட் கொடுத்தால் செப்பு சில நிமிடத்தில் அரிக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், நல்ல தண்ணீரில் அலசுங்கள். நல்ல தண்ணீர் என்றால் கேன் தண்ணீர், நம் ஊர் போர் தண்ணீரில் அலசினால் ஒரு உப்புக்குப் பதில் இன்னொரு உப்பு. பிறகு ஆல்கஹால், பிறகு நிழலில் ஃபேனுக்கு முன் இரண்டு நாள்.

எங்க வாப்பா காலத்து வால்வு ரேடியோ, முப்பது வருடமாகப் பரணில் கிடக்கிறது. பிளக்கில் சொருகலாமா?

கீழக்கரையிலிருந்து வந்த கேள்வி இது, இலங்கை வானொலி கேட்ட செட் என்றார். சொருகாதீர்கள். முப்பது வருடம் கிடந்ததில் அந்தப் படலம் மெலிந்திருக்கும், ஒரேயடியாக 300 வோல்ட் போனால் கசிவு கரண்டில் சூடாகி வெடிக்கும், அதோடு பவர் டிரான்ஸ்ஃபார்மரும் போனால் அதே மாதிரி இன்னொன்று கிடைக்காது.

படலத்தைத் திரும்ப வளர்க்கலாம், ரிஃபார்மிங் என்று பெயர். கெபாசிட்டரைக் கழற்றி, ஒரு நேர் மின்னோட்ட சப்ளையிலிருந்து பெரிய ரெசிஸ்டர் வழியாக, சில பத்து கிலோ ஓம் இருக்கட்டும், குறைந்த வோல்டேஜில் தொடங்கி மணிக்கணக்கில் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டர் வைத்தால் கசிவு குறைகிறதா என்று தெரியும். குறையாமல் நின்றுவிட்டால் அதைக் கைவிடுங்கள். என் அபிப்பிராயம் கேட்டால், காட்சிக்கு வைக்க மட்டும் அல்ல, ஓட்டிக் கேட்கவும் ஆசை என்றால் புதிதாக மாற்றிவிடுங்கள். படலம் வளர்ந்தாலும் வற்றிய திரவம் திரும்பாது. பழைய டப்பாவை மேலே அப்படியே விட்டு, புதியதைச் சேஸிஸுக்கு, அதாவது பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டுக்கு, அடியில் ஒளித்து வைத்தால் பார்வைக்கும் பழசு. பாட்டுக்குப் பின்னால் ம்ம்ம் என்று ஓடும் சத்தம் அதோடு போய்விடும். கூடவே காகிதக் கெபாசிட்டர்களையும் மாற்றுங்கள், அவை எலக்ட்ரோலிடிக்கைவிட மோசமாகக் கசிந்திருக்கும்.

எல்.இ.டி பல்பு 25,000 மணி நேரம் என்று போட்டு ஒரு வருடத்தில் மினுக்குகிறதே?

அந்தக் கணக்கை எல்.இ.டி சில்லு தாங்கலாம், கழுத்துக்குள் இருக்கும் குட்டிக் கெபாசிட்டர் தாங்க வேண்டுமே. பல்பு தலைகீழாகத் தொங்கும்போது சூடு மேலே ஏறி நேராகக் கழுத்துக்குள்தான் போகிறது. மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டினால் இன்னும் சீக்கிரம். திறந்த ஹோல்டரில் போடுங்கள், தேவைக்கு மேல் வாட் வேண்டாம்.

செட்டாப் பாக்ஸை எங்கே வைப்பது?

டிவிக்குப் பின்னால் மூடிய ஷெல்ஃபில் வேண்டாம், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கவும் வேண்டாம். மேலே துணி போட்டு மூடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, தூசி படாமல் பத்திரமாக வேகும். ஜன்னலுக்கு நேராக வைத்தால் கடல் காற்று நேராக உள்ளே போகும். ஜன்னலில் இருந்து தள்ளி, சுற்றி நான்கு விரல் இடம் விட்டு வையுங்கள். படம் பார்க்காத நேரம் ரிமோட்டில் அணைத்தால் போதாது, சுவரில் சுவிட்சை அணையுங்கள், சிவப்பு விளக்கு எரிகிற வரை உள்ளே பவர் சப்ளை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மெக்கானிக் எல்லாக் கெபாசிட்டரையும் மாற்றச் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா?

ஒரே போர்டில் ஒரே நாளில் பிறந்து ஒரே சூட்டில் ஓடியவை. ஒன்று போனால் பக்கத்தில் நிற்பதும் வரிசையில்தான் நிற்கிறது. பவர் சப்ளை பகுதியில் இருப்பதை மொத்தமாக மாற்றச் சொன்னால் அது நியாயம். போர்டு முழுக்க மாற்ற வேண்டும் என்றால் ஏன் என்று கேளுங்கள், பழையதைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி வாங்கி வையுங்கள். புதிதாகப் போட்டவற்றில் 105 என்று எழுதியிருக்கிறதா என்று மூடியைப் பூட்டும் முன் அவர் முன்னாலேயே பாருங்கள்.